மேகத்துக்குப் பச்சை பெயின்ட்!

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆடியிருக்கிறீர்கள்தானே? ஆடவில்லை என்றாலும், யாரோ ஆடும்போது பின்னால் நின்று, ‘ஒரே ஒரு லைஃப் குடுடா’ என்று கெஞ்சியாவது இருப்பீர்கள். அந்த கேமில் வானத்தில் வெள்ளை மேகம் மிதக்கும். தரையில் பச்சைப் புதர் முளைத்திருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். தெரிகிறதா? மேகத்தின் மேல்பாதியைத் தரைக்கு இறக்கிப் பச்சை பெயின்ட் அடித்தால் புதர்! 1985-ல் நடந்த தில்லாலங்கடி இது. கோடிக்கணக்கான பேர் இரண்டையும் ஒரே திரையில் பார்த்துக்கொண்டே ஓடினார்கள். பெரும்பாலோருக்குச் சந்தேகமே வரவில்லை. ஆமை துரத்தும்போது புதரை யார் பார்க்கிறார்கள்?

நிண்டெண்டோ கம்பெனியில் இந்த வேலையைச் செய்த குழுவின் தலைவர் ஷிகெரு மியாமோட்டோ. வீடியோ கேம் உலகின் பிதாமகர், மகா கலைஞர் என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அவர் ஒரு மகா சிக்கனக்காரர். வேறு வழி? அந்த கேமுக்கு மொத்த இடமே 40 கே.பி.! 32 கட்டங்கள், எதிரிகள், பாட்டு, கடத்தப்பட்ட இளவரசி, கடத்திய வில்லன் எல்லாரும் அதற்குள் குடித்தனம் நடத்த வேண்டும். அதிலும் படங்களுக்கு ஒதுக்கியது வெறும் 8 கே.பி. உங்கள் பெரியப்பா தினமும் காலையில் ஃபேமிலி குரூப்பில் அனுப்பும் குட்மார்னிங் ரோஜா, மாரியோவின் மொத்த ராஜ்ஜியத்தையும்விட குண்டாக இருக்கும்.

மாரியோவின் மீசைக்கு வருவோம். 1981-ல் ‘டாங்கி காங்’ கேமுக்காக, 16-க்கு 16 புள்ளி கொண்ட சதுரத்துக்குள் ஒரு முழு மனிதனை அடைக்க வேண்டியிருந்தது. வாய் வரைய இடமில்லை. பெரிய மூக்கு, அதற்குக் கீழே மீசை என்று வைத்ததும் வாய்ப் பிரச்சினை ஒழிந்தது. குதிக்கும்போது முடி அசைய வேண்டுமே? அதற்கும் இடமில்லை, தொப்பி போட்டாயிற்று. கை அசைந்தால் உடம்போடு கலந்துவிடுகிறது, வேறு நிறத்தில் ஓவரால் மாட்டியாயிற்று. உலகப் புகழ்பெற்ற அந்த மீசை வீரத்தின் அடையாளம் அல்ல, இடப்பற்றாக்குறை! பெயராவது யோசித்து வைத்தார்களா என்றால், அதுவும் இல்லை. நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளைக்கு கோடவுன் வாடகைக்கு விட்டிருந்தவர் பெயர் மாரியோ. ஹவுஸ் ஓனர் பெயரை ஹீரோவுக்கு வைக்கும் தைரியம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

சரி, இத்தனை கஞ்சத்தனம் எதற்கு? 1983-ல் ஜப்பானில் வெளியான நிண்டெண்டோவின் ‘ஃபேமிகாம்’ கேம் பெட்டியைத் திறந்து பார்த்தால் புரியும். அது டிவியில் காட்டும் படம் 256-க்கு 240 புள்ளிகள். நாலே நிறத்தில் புள்ளி புள்ளியாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால்கூட 15 கே.பி. தேவை. பெட்டிக்குள் திரைக்கென்று இருந்த மெமரி 2 கே.பி.! 15 ரூபாய் பில்லுக்கு 2 ரூபாயோடு போய் உட்கார்ந்தால் நாமாக இருந்தால் மாவாட்டியிருப்போம். எஞ்சினியர்கள் டைல்ஸ் ஒட்டினார்கள்.

எட்டுக்கு எட்டு புள்ளியில் ஒரு குட்டிச் சதுரம், அதுதான் டைல். இப்படி 256 விதமான டைல்களைப் பின்னணிக்கென்று தயாராக வைத்துக்கொள்ளலாம். திரையில் குறுக்கே 32, நெடுக்கே 30 என மொத்தம் 960 இடம். எந்த இடத்தில் எத்தனையாம் நம்பர் டைல் என்று மட்டும் குறித்துக்கொண்டால் போதும், 960 பைட்டில் ஓர் உலகம் ரெடி. அந்த 256 சதுரங்களின் கூட்டத்துக்குப் பெயர்தான் டைல்செட். நிறத்திலும் ரேஷன்: மூன்று நிறம், பொதுவான பின்னணி நிறம் ஒன்று, ஆக நாலு. அதையும் நாலு டைல் சேர்ந்த சதுரத்துக்கு ஒரே செட்டாகத்தான் தருவார்கள். தீபாவளிக்கு அப்பா ஒரே தானில் துணி எடுத்து, அண்ணனுக்குச் சட்டை, தம்பிக்குச் சட்டை, மிச்சத்தில் தலையணை உறை என்று முடிப்பாரே, அந்த டெக்னிக்தான். தலையணை நகர்ந்தால் தம்பியா என்று சந்தேகம் வரும்!

இந்த யோசனைக்கு நிண்டெண்டோ சொந்தம் கொண்டாட முடியாது. நாம்கோ கம்பெனி 1979-ல் ‘கேலக்ஸியன்’ கேமிலேயே டைல் ஒட்ட ஆரம்பித்துவிட்டது. அடுத்த வருஷம் வந்த பேக்-மேனும் டைல் வீடுதான். அதில் ஒரு கூத்து. கட்ட எண்ணை ஒரே ஒரு பைட்டில் எழுதி வைத்தார்கள். 256-ஆவது கட்டத்துக்கு வேலைவெட்டி இல்லாத எவன் வரப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள். வந்தார்கள்! எண்ணிக்கை சைபருக்குச் சுற்றியது. கீழே ஏழெட்டுப் பழம் வரையவேண்டிய புரோகிராம் தலை கிறுகிறுத்து 256 பழம் வரையக் கிளம்பியது. திரையின் வலது பாதி முழுக்க எழுத்து, எண், உடைந்த சுவர் எல்லாம் சிதறின. டைல்செட் தன் பீரோவைத் திறந்து நடுத்தெருவில் கொட்டியதை உலகம் அன்றுதான் பார்த்தது.

1986-ல் வந்தது ‘டிராகன் குவெஸ்ட்’. யூஜி ஹோரியின் படைப்பு, ஜப்பானிய ரோல் பிளேயிங் கேம்களின் தாய்வீடு. 64 கே.பி.க்குள் முடித்தார்கள். முடிப்பதற்குக் கொடுத்த விலை என்ன தெரியுமா? ஹீரோவின் முதுகு! ஜப்பானிய ஒரிஜினலில் அந்த மாவீரன் எந்தப் பக்கம் நடந்தாலும் முகம் நம்மைப் பார்த்தபடியேதான் இருக்கும். வடக்கே போனாலும் நம்மைப் பார்ப்பான். கிழக்கே போனால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்வான். ராஜா முன்னால் நின்றால்கூட ராஜாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நமக்குப் போஸ். எந்தத் திசையில் இருப்பவரோடு பேசுவது என்று மெனுவில் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனால் பாருங்கள், இளவரசியை மீட்டதும் அவளை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி மட்டும் தனிப் படம் வரைந்திருந்தார்கள். திரும்பிப் பார்க்க பட்ஜெட் இல்லை, இளவரசியைத் தூக்க பட்ஜெட் இருந்தது!

அதே கேமில் டிராகன் வளர்ப்பும் வெகு சுலபம். பச்சை டிராகன் ஓரளவுக்குப் பலசாலி. அதற்கே நீல பெயின்ட் அடித்தால் இன்னும் பலசாலி. சிவப்பு அடித்தால் அடேயப்பா! புதிதாக ஒரு கோடுகூட வரையவில்லை. ஜிம்முக்குப் போகாமல் சட்டையை மாற்றிக்கொண்டு பலசாலி ஆகும் வித்தையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவை ரோல் பிளேயிங் கேம்கள்தான்.

அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த ‘தி லெஜெண்ட் ஆஃப் ஸெல்டா’ இன்னும் ஜோர். ஹைரூல் என்ற மாபெரும் ராஜ்ஜியம். எவ்வளவு மாபெரும்? 128 திரை. மலை இருக்கிறது, காடு இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது. அதே பாறைக்குப் பழுப்பு அடித்தால் மலைப்பகுதி, பச்சை அடித்தால் காட்டுப்பகுதி, வெளிறிய சாம்பல் அடித்தால் பேய் உலாவும் இடம். பல குகைகளில் ஒரு பெரியவர் உட்கார்ந்து அறிவுரை சொல்வார். அத்தனை குகையிலும் அதே பெரியவர், அதே தாடி! ஆன்மிக விளக்கம் எதுவும் தேடாதீர்கள், ஆர்ட் டிபார்ட்மென்டில் ஒரே ஒரு பெரியவர்தான் ஸ்டாக்கில் இருந்தார்.

அந்த கேமில் எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது தகாஷி தெஸூகாவின் சறுக்கல். மியாமோட்டோவின் வலதுகை அவர். பாதாளச் சிறைகளின் அறைகளையெல்லாம் ஜிக்ஸா மாதிரி இண்டு இடுக்கு விடாமல் அடுக்கி, இடத்தை மிச்சம்பிடித்து, ‘பார்த்தீர்களா என் சாமர்த்தியத்தை’ என்று கொண்டுபோனார். புரோகிராம் குழு எண்ணிப் பார்த்தது. இருந்த இடத்தில் பாதியைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்! கஞ்சத்தனத்தில் கஞ்சத்தனம். வேறு யாராவது என்றால் மெமோ கொடுத்திருப்பார்கள். மியாமோட்டோ பார்த்தார், மிச்சப் பாதியில் இன்னொரு கேமைப் போட்டுவிடலாம் என்றார். அதுதான் கேமை முடித்தவர்களுக்குத் திறக்கும் புகழ்பெற்ற ‘செகண்ட் குவெஸ்ட்’. ஒரு மனிதரின் கணக்குப் பிழையை நிண்டெண்டோவின் தாராள மனசு என்று உலகம் கொண்டாடியது.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1987-ல் லூகாஸ்ஃபிலிம்காரர்கள், அதாவது ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த கோடீஸ்வரக் கம்பெனி, ‘மேனியாக் மேன்ஷன்’ என்று கொமடோர் 64 கம்ப்யூட்டருக்கு ஓர் அட்வெஞ்சர் கேம் செய்தார்கள். ரான் கில்பர்ட்டும் ஓவியர் கேரி வின்னிக்கும் சேர்ந்து செய்தது. அங்கேயும் ஓர் அறைக்கு 256 டைல்தான் ரேஷன். முகம் தெரிய வேண்டுமே என்று எல்லாருக்கும் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலை வைத்தார்கள். விண்கலம் விட்ட கம்பெனி, வால்பேப்பரில் ஒரு டைல் அதிகமாகிவிட்டதே என்று உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தது.

90-களில் இந்தப் பொக்கிஷமெல்லாம் நம் வீடுகளுக்கு ‘டிவி கேம்’ என்ற பெயரில் வந்தது. பெட்டிகளில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் காப்பி. கூடவே மஞ்சள் கேசட், அதன்மேல் ‘9999 இன் ஒன்’ என்று கூச்சமில்லாமல் எழுதியிருக்கும். உள்ளே போனால் மொத்தம் பத்திருபது கேம்தான். மாரியோ, பெயர் மாற்றிய மாரியோ, மூன்றாவது கட்டத்தில் தொடங்கும் மாரியோ என்று லிஸ்ட் நீளும். மேகத்தைப் புதராக்கியவர்களின் சிக்கனத்தை நேரடியாக வியாபாரத்தில் இறக்கிய மகான்கள் அந்த கேசட் பார்ட்டிகள்.

இப்போது காட்சி மாறுகிறது. பக்தர்கள் வருகிறார்கள்!

நன்றாக வளர்ந்து, வேலைக்குப் போய், பெரிய மெமரி உள்ள கம்ப்யூட்டர் வாங்கிய பிறகு, அந்தக் காலத்து ரசிகர்கள் செய்த முதல் காரியம், தங்களுக்குத் தாங்களே நாலு நிறம் என்று கட்டுப்பாடு விதித்துக்கொண்டதுதான். 1999-ல் சில ரசிகர்கள் ‘ஸெல்டா கிளாசிக்’ என்று ஒரு மென்பொருளை உருவாக்கினார்கள். முதலில் பழைய ஸெல்டாவை அச்சு அசலாகக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். பிறகு, நாமே புது ராஜ்ஜியம் கட்டலாம் என்று ஒரு எடிட்டர் சேர்த்தார்கள். அவ்வளவுதான், ஊருக்கு ஊர் ஹைரூல் முளைத்தது. கதைக்கு ஏற்ற டைல் வேண்டாமா? சொந்தமாக டைல்செட் வரைய ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கம் ‘அட்வெஞ்சர் கேம் ஸ்டூடியோ’ என்ற மென்பொருளை வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் சியரா கம்பெனியின் பழைய ‘கிங்ஸ் குவெஸ்ட்’டுக்குப் புது உயிர் கொடுத்து 2001-ல் இலவசமாக வெளியிட்டது. மியாமோட்டோ கிடந்தது பட்டினி. இவர்கள் இருப்பது விரதம். விரதம் இருப்பவர்களுக்கு ரூல்ஸ் எப்போதும் அதிகம்!

கம்ப்யூட்டரில் 1 கோடியே 67 லட்சம் நிறம் இருக்கிறது. புதிதாக வரும் ஒரு பிள்ளை ஆசையாக ஒரு டைலில் ஐந்தாவது நிறம் வைத்துவிட்டால் போச்சு. நிஜ ஃபேமிகாமில் இந்தக் கட்டத்தில் இந்த நிறம் வராது என்று பெரியவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஃபேமிகாமில் ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவத்துக்கு மேல் வந்தால் மிச்சம் மறையும். அதனால்தான் கூட்டம் சேர்ந்தால் எதிரிகள் மினுக் மினுக் என்று துடிப்பார்கள். அது கோளாறு, அலங்காரம் அல்ல. ஆனால் 2008-ல் ‘மெகாமேன் 9’ வெளியிட்ட கேப்காம் கம்பெனியே அந்தத் துடிப்பை மெனுவில் ஒரு ஆப்ஷனாக வைத்தது. ‘ஷவல் நைட்’ கேமைச் செய்தவர்கள் பழைய விதிகளில் எதையெல்லாம் மீறினோம் என்று பாவமன்னிப்பு மாதிரி நீளமாக எழுதியே வைத்தார்கள். போலீஸே இல்லாத ஊரில் ஹெல்மெட் போடாததற்குத் தானாக ஃபைன் கட்டிய உத்தமர்கள்.

சரி, டைல்செட் வரைவது எப்படி? பார்க்க ரொம்ப ஈஸி. முதலில் புல். எல்லாரும் புல்லில்தான் தொடங்குவார்கள். பலர் புல்லிலேயே முடிந்துவிடுவார்கள். 16-க்கு 16 சதுரம், நாலு பச்சைக் கீற்று, ஓரத்தில் அழகாக ஒரு மஞ்சள் பூ. ஆஹா! இதைத் திரை முழுக்க ஒட்டிப் பாருங்கள். அந்த ஒரு பூ இருநூறு பூவாகி, குடியரசு தின அணிவகுப்பு மாதிரி நேர்கோட்டில் நின்று சல்யூட் அடிக்கும். பூவை எடுத்துவிட வேண்டும். கீற்றின் மினுமினுப்பையும் குறைக்க வேண்டும். ஓரங்கள் ஒட்டுகிறதா என்று பார்க்க, டைலைப் பாதி நகர்த்தி ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து ஒட்டுப்போட வேண்டும். இரண்டு ராத்திரி உழைத்து, யாருமே கவனிக்காத அளவுக்குச் சாதாரணமான ஒரு புல்லை நீங்கள் உருவாக்கியிருந்தால், வாழ்த்துகள், நீங்கள் ஆர்ட்டிஸ்ட்!

அடுத்து குளம். தண்ணீர் டைல் ஒன்று, புல் டைல் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குளம் என்று நினைப்பீர்கள். கரை யார் போடுவது? மேல் கரை, கீழ்க் கரை, இடம், வலம், வெளி மூலை, உள் மூலை, ஒற்றைத் துண்டாக நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு. ஒரு டைலைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தண்ணீரா புல்லா என்று பார்த்தால் 256 விதம். அதில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதவற்றையெல்லாம் கழித்தாலும் 47 மிச்சம். ஒரு குளத்துக்கு 47 டைல்! அதற்குள் மணல்கரை வேண்டும் என்று உங்களுக்கே ஆசை வரும். வந்தால் இன்னொரு 47. பாலைவனத்தில் நடக்கும் கேம்கள் ஏன் இத்தனை இருக்கின்றன என்று இப்போது புரிகிறதா?

வீடு கட்டப் போனால் இயற்பியல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறிவிடும். கூரை மேலிருந்து தெரியும், அதே நேரம் முன் சுவரும் வாசலும் நேரே தெரியும். உள்ளே மேஜையை மாடியிலிருந்து பார்ப்போம், அதன்மேல் இருக்கும் பானையைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். சூரியன் எப்போதும் இடது மேல் மூலையில். குகைக்குள் போனாலும் இடது மேல் மூலையிலிருந்துதான் வெளிச்சம். பூமிக்கு அடியில் ஏழாவது மாடியில் இருக்கும் பூதத்துக்கும் இடது கன்னத்தில்தான் பளபளப்பு! வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முடிவுசெய்யாமல் எல்லா ஓரத்திலும் கறுப்பைப் பூசினால் பாறை மெத்தையாகிவிடும். பிக்ஸல் கலைஞர்கள் இந்தப் பாவத்துக்கு ‘பில்லோ ஷேடிங்’ என்று பெயர் வைத்து, செய்தவரைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, கொலைக்குற்றவாளிக்கே அந்தப் பார்வை கிடைக்காது.

இந்த பக்தி மார்க்கத்தின் மிகப் பெரிய காமெடி இனிமேல்தான். அந்தக் காலக் கலைஞர்கள் வரைந்தது குண்டு டிவிக்காக. அந்த டிவியில் புள்ளிகள் சதுரமாகத் தெரியாது. ஒன்றின் நிறம் இன்னொன்றில் கசிந்து, ஓரங்கள் மெழுகின மாதிரி இருக்கும். அந்தக் கசிவையும் கணக்கில் வைத்துத்தான் வரைந்தார்கள். 1991-ல் வந்த சோனிக் கேமின் அருவி வெறும் செங்குத்துக் கோடுகள். ஒரு கோடு தண்ணீர், ஒரு கோடு வெற்றிடம். பழைய கேபிளில் டிவிக்குப் போகும்போது அவை கலந்து, கண்ணாடி போன்ற அருவியாகத் தெரியும். சோனிக்கைச் செய்த செகா கம்பெனியின் இயந்திரத்தில் இல்லாத ஒளி ஊடுருவலை டிவியின் கோளாறிலிருந்து திருடினார்கள்! ரசிகர்களோ இதை, பழைய பெட்டி மாதிரி கம்ப்யூட்டரை நடிக்கவைக்கும் எமுலேட்டரில், துல்லியமான எல்.சி.டி. திரையில் பார்த்தார்கள். கோடு கோடாகத் தெரிந்தது. ஆஹா, இதுதான் அந்தக் காலக் கலை என்று பக்தியோடு கோடு கோடாக வரைந்தார்கள். யாருடைய குழந்தைப்பருவத்திலும் இல்லாத ஒன்றுக்காக நாஸ்டால்ஜியாவில் கண்ணீர் விட்ட தலைமுறை இது.

மானப் பிரச்சினைகளும் உண்டு. ‘சொந்த’ டைல்செட் என்று வெளியாகும் பலவற்றைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். மரம் 1991-ன் ஸெல்டாவிலிருந்து வந்திருக்கும், கூரை ஏதோ போகேமானிலிருந்து வந்திருக்கும், நிறம் மட்டும் இவருடையது. தப்பில்லை, மேகத்துக்குப் பச்சை அடித்த பரம்பரை. ஆனால் அந்த மரத்தை இன்னொருவர் எடுத்து, அதற்குக் காவி அடித்துத் தன் கேமில் வைத்துவிட்டால் பிரளயம்! என் பெயரை ஏன் போடவில்லை, என் உழைப்பைத் திருடிவிட்டாயே என்று ரத்தக் கொதிப்பு. நிண்டெண்டோ வீட்டுத் தோட்டத்தில் பறித்த மாங்காய்க்கு நடக்கும் இந்தப் பாகப்பிரிவினையில், நிண்டெண்டோவை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை.

கூப்பிடாமலேயே வந்தது நிண்டெண்டோ. வக்கீலோடு!

மில்டன் குவாஸ்டி அர்ஜென்டினாக்காரர். 1991-ல் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம்பாய்க்கு வந்த ‘மெட்ராய்டு 2’ என்ற சாம்பல் நிற கேமை, ஏறக்குறைய பத்து வருஷம் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து, டைல் டைலாகப் புதுசாக்கினார். மெட்ராய்டின் 30-ஆவது பிறந்தநாளான 2016 ஆகஸ்ட் 6 அன்று இலவசமாக வெளியிட்டார். பிறந்தநாள் பரிசு! பதில் மரியாதையாக வந்தது காப்பிரைட் நோட்டீஸ். நோட்டீஸ் அனுப்பியதற்கான காரணத்தை அடுத்த ஆண்டு ஊகிக்க முடிந்தது. நிண்டெண்டோவே அதே ‘மெட்ராய்டு 2’க்குத் தன் ரீமேக்கை 2017 செப்டம்பரில் கடைக்குக் கொண்டுவந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் தாலி கட்டிவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் குவாஸ்டி நஷ்டப்படவில்லை. அந்தத் தடைசெய்யப்பட்ட கேமே பயோடேட்டா ஆகி, ‘ஓரி’ கேமைச் செய்த மூன் ஸ்டூடியோஸில் லெவல் டிசைனர் வேலை கிடைத்தது.

செகாவுக்கு வேறு மூளை. சோனிக்கின் ரசிகர் கேம்களைச் செய்துகொண்டிருந்த கிறிஸ்டியன் வைட்ஹெட் என்ற ஆஸ்திரேலியர் கொண்டுவந்த யோசனையை ஏற்று, அவரும் கூட்டாளிகளுமே செய்யட்டும் என்றது. 2017-ல் வந்தது ‘சோனிக் மேனியா’. பல வருஷமாக செகா சொந்தமாகச் செய்த சோனிக்குகளைவிட நன்றாக இருக்கிறது என்று விமர்சகர்கள் பாராட்டினார்கள். ரசிகர்கள் மேல் கேஸ் போடாததால் கம்பெனிக்கு நேர்ந்த ஒரே அவமானம் இதுதான்.

நிண்டெண்டோவின் பழைய ஃபைல்களைக் கிளறினால் இன்னொரு விஷயம் கிடைக்கிறது. கேம்பாய் புதிதாக வந்த காலத்தில் கஸுவாகி மோரிடா என்ற புரோகிராமர், ஆபீஸ் நேரம் முடிந்த பிறகு, யாரும் கேட்காமல், ஸெல்டா மாதிரி ஒன்றை அதில் ஓட்டிப் பார்த்தார். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள். கிட்டத்தட்ட காலேஜ் கிளப் மாதிரி. நம்ம தெஸூகாவும் உண்டு, ஸெல்டாவைக் கிண்டல் செய்கிற மாதிரி இருந்தது என்று பின்னாளில் அவரே சிரித்தார். கேமுக்குள் மாரியோவின் எதிரிகள் உலாவுகிறார்கள். பக்கத்து கம்பெனி ஹால் லேபின் கிர்பி ஜாடையில் ஒரு பூதம் வருகிறது. அடுத்தவர் பாத்திரங்களை அள்ளிப்போட்டு, ஓய்வு நேரத்தில், ஆசைக்காகச் செய்த கேமுக்கு என்ன பெயர்? சாட்சாத் ஃபேன் கேம்! அதுதான் 1993-ல் ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ என்று வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. வக்கீல் அறையும் புரோகிராமர் அறையும் வேறு வேறு மாடியில் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே, ராத்திரி இரண்டு மணிக்குக் குளக்கரையின் 31-ஆவது டைலோடு மல்லுக்கட்டும் நண்பரே, உங்களுக்கு ஒரு தகவல். டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்கப் பையன் 2008-ல் நிண்டெண்டோவின் ‘எர்த்பவுண்ட்’ கேமை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, அனுமதி இல்லாமல் ஒரு பேய்க்கதை செய்தான். பிறகு அதே மோகம், அதே பழைய காலத்துப் பிக்ஸல், ஆனால் ஆட்களும் கதையும் பெயரும் தன்னுடையது என்று முடிவுசெய்து 2015-ல் ‘அண்டர்டேல்’ வெளியிட்டான். 2019-ல் நிண்டெண்டோவே அதன் எலும்புக்கூடு பாத்திரத்தின் வேஷத்தைத் தன் ‘ஸ்மாஷ் பிரதர்ஸ்’ கேமில் சேர்த்துக்கொண்டது, டோபி போட்ட பாட்டோடு! நீங்களும் புல்லை வைத்துக்கொள்ளுங்கள், நாலு நிறத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். ஸெல்டா கேமிலிருந்து எடுத்து ஹீரோவுக்கு மாட்டிய பச்சைக் குல்லாயைக் கழற்றிவிட்டு, டைட்டிலில் இருக்கும் ‘ஸெல்டா’வை மட்டும் அடித்துவிடுங்கள். இன்றைக்கே செய்யுங்கள். ரிலீஸ் அன்று மாற்றப் போனால் அந்தப் பெயர் நாலாயிரம் ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும்.